வாசிக்கத் தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியுமா?

இசைக் கல்லூரியில் வயலினோ வீணையோ மிருதங்கமோ படித்துப் பட்டம் வாங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் கனவு மேடைதான். ஆனால் மார்கழியில் நாலு கச்சேரி கிடைத்தாலே பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் மாலை நான்கு மணிக்கு மேல் கூடத்தில் பாய் விரித்து, சுருதிப் பெட்டியை முடுக்கி, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் எடுப்பதுதான் வாழ்க்கை. பள்ளியில் வேலை கிடைத்தாலும் அதே பாடம், இன்னும் பெரிய கூட்டத்துக்கு. இந்த வேலைக்கு அவர்களைத் தயார் செய்யப் பட்டப்படிப்பு என்ன செய்கிறது என்ற கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். போதுமான அளவு செய்யவில்லை என்பது என் கருத்து.

நன்றாக வாசிக்கத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தானாகவே வந்துவிடும் என்று நாம் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். இது எவ்வளவு தவறு என்பதைப் புரிந்துகொள்ள முதல் பாடத்தைப் பார்த்தாலே போதும்.

கர்நாடக இசையில் சுரம் வாசிக்கும் எந்தக் கருவியானாலும் பெரும்பாலும் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையோடுதான் பாடம் தொடங்கும். இந்த வரிசைமுறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. வாய்ப்பாட்டுப் பிள்ளைக்கு இது காதுக்கும் குரலுக்குமான பாடம். அதே ஸ ரி க ம கருவிக்குப் போகும்போது ஒவ்வொன்றிலும் வேறு வேறு சிக்கலாகிவிடுகிறது.

வயலினில் ஸட்ஜத் தந்தியைத் திறந்து வாசித்தால் ஸ. ஆள்காட்டி விரலுக்கு ரி, நடுவிரலுக்கு க, மோதிர விரலுக்கு ம. அடுத்த தந்தியில் திறந்தால் ப, அதே மூன்று விரல்களுக்கு த, நி, மேல் ஸ. மாயாமாளவகௌளையில் ஸ ரி க ம இடையே இருக்கும் இடைவெளிகளே ப த நி ஸ இடையிலும் இருக்கின்றன. ஆகவே ஒரு தந்தியில் பழகிய விரல் அமைப்பை அப்படியே அடுத்த தந்திக்கு எடுத்துப் போகலாம். வயலின் பிள்ளைக்கு இந்த ராகம் ஒரு வரம். ஆனால் இந்த ராகத்தின் சுத்த ரிஷபத்துக்கும் (ரி) அந்தர காந்தாரத்துக்கும் (க) நடுவே உள்ள தூரம் சின்னக் கைக்கு எட்டாது. எட்டாதபோது பிள்ளை மணிக்கட்டை உள்ளே வளைக்கும். அந்த வளைவு ஆறு மாதம் தங்கிவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. கையின் அளவு பார்த்து அரை வயலினா, முக்கால் வயலினா என்று முதல் நாளே முடிவு செய்யத் தெரிந்த ஆசிரியரிடம் இந்தச் சிக்கல் வராது.

வீணையில் கதை வேறு. அங்கே மெட்டுகள் இருப்பதால் சுரம் தப்பாது. ஆனால் சரளி வரிசையை ஒரே தந்தியில் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை வாசிக்கும்போது தந்தியின் பாதி நீளத்தை இடது கை நடந்து கடக்க வேண்டும். முதல் மெட்டில் ரி, நாலாவதில் க, ஐந்தாவதில் ம, ஏழாவதில் ப, பன்னிரண்டாவதில் மேல் ஸ. பிள்ளையின் கண் மெட்டை விட்டு நகராது. தலை குனிந்து, முதுகு கூனும். இங்கே கற்றுத்தர வேண்டியது விரல் அமைப்பு அல்ல, கை நகர்வு.

புல்லாங்குழலுக்கு வாருங்கள். துளைகளை முழுதாக மூடியும் திறந்தும் வாசித்தால் இயல்பாக வருவது அரிகாம்போதி ராகம். மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபம் வேண்டுமென்றால் துளையைப் பாதி திறக்க வேண்டும். மூச்சே இன்னும் நிலைக்காத பிள்ளை பாதித் துளையில் சுரத்தைப் பிடித்து நிறுத்துவது எப்படி? அதனால்தான் அனுபவமுள்ள குழலாசிரியர்கள் சிலர் அரிகாம்போதியிலோ சங்கராபரணத்திலோ தொடங்கி, மூச்சு நிலைத்த பிறகு மாயாமாளவகௌளைக்கு வருகிறார்கள். மற்றவர்கள் மரபை மாற்றக்கூடாது என்று முதல் நாளே மாயாமாளவகௌளையைத் திணிக்கிறார்கள், பிள்ளை மூன்றாம் மாதம் குழலை அலமாரியில் வைத்துவிடுகிறது.

ஒரே பாடம் இத்தனை விதமாக மாறுகிறது என்றால், கருவி கற்பித்தல் என்பது தனியாகப் படிக்க வேண்டிய துறை. இசை வரலாறும் இலக்கணமும் இராக லட்சணமும் அதற்கு ஈடாகாது.

பழைய குருகுலத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. குருவின் வீட்டில் நாலைந்து சீடர்கள் இருப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைக்குச் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பெரும்பாலும் மூத்த சீடர்தான் சொல்லித்தருவார். குரு உள்ளே வேறு வேலையாக இருந்தாலும் காது இங்கேதான் இருக்கும். தப்பு வந்தால் அங்கிருந்தே குரல் வரும். மூத்த சீடர் வாசிக்கவும் கற்றார், கற்பிக்கவும் கற்றார், அதுவும் குருவின் கண்காணிப்பில். பெயர் வைக்காத ஆசிரியர் பயிற்சி அது. குருகுலம் கல்லூரியாக மாறியபோது பாடத்திட்டம் வந்தது, தேர்வு வந்தது, பட்டம் வந்தது. மூத்த சீடரின் அந்த இடம் மட்டும் காணாமல் போயிற்று.

இதை நம் முன்னோர் கவனிக்காமல் இல்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை எல்லோரும் 'கருணாமிர்த சாகரம்' எழுதிய ஆராய்ச்சியாளராக மட்டும் நினைக்கிறோம். அவர் திண்டுக்கல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்று, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர், வயலின் கற்றவர். தொடக்கநிலை மாணவர்களுக்காகத் தமிழில் கீதங்கள் இயற்றிப் பாடப் புத்தகமாகத் தந்தார். பிள்ளைக்குப் புரிகிற மொழியில் முதல் பாடம் இருக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதற்கு, அவர் வகுப்பறையில் நின்றவர் என்பது முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சென்னை மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1931-ல், அது இசை ஆசிரியர் கல்லூரி ஒன்றைத் திறந்தது. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வரானார். அவ்வளவு பெரிய வித்வானை ஆசிரியர்களை உருவாக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறைக்குத் தலைமை தாங்கிய பி. சாம்பமூர்த்தி இசை கற்பிப்பதைப் பற்றியே 'தி டீச்சிங் ஆஃப் மியூசிக்' என்று தனிப் புத்தகம் எழுதினார். 1931-ல் ஜெர்மனிக்குப் போய் மேலைநாட்டு இசை பயின்று வந்தவர் அவர். வகுப்பறையில் இசை எப்படி நடக்க வேண்டும் என்று யோசித்த நம் முதல் தலைமுறைப் பேராசிரியர்களில் முக்கியமானவர்.

இலங்கையிலும் இந்த எண்ணம் வேரூன்றியது. 1931-ல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபை படிப்படியாகத் தேர்வுகள் வைத்து, கடைசிப் படிக்கே 'ஆசிரியர் தரம்' என்று பெயர் வைத்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் வயலினோ மிருதங்கமோ கற்கும் பிள்ளையின் பெற்றோர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இலக்கு வைக்கிறார்கள்.

இன்றைய தமிழ்நாட்டுக்கு வருவோம். நுழைவாயில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு பாடங்கள், மூன்றாண்டுப் படிப்பு, 12 வயது முதல் 25 வரை சேரலாம். நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய கதவு. இதை நடத்துகிறவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அடுத்து சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள். 2013-ல் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி இவற்றுக்கெல்லாம் மூத்தது. பட்டமோ பட்டயமோ முடித்தவர்களுக்கு இசை ஆசிரியர் பயிற்சி என்று ஓராண்டுப் படிப்பு உண்டு. கற்பித்தல் முறை, பாடக்குறிப்பு எழுதுவது, மாதிரி வகுப்பு எடுப்பது எல்லாம் அதில்தான்.

இருக்கிறதே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். பாடும் பிள்ளைகளை வகுப்பாக உட்கார வைத்துச் சொல்லித்தருவதற்கு அந்த ஓராண்டு உதவும். கருவி வகுப்பு அப்படி நடக்காது. மாதிரி வகுப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வயலின் ஆசிரியையாகப் போகும் ஓர் இளம்பெண் பாடம் எடுத்தார். எதிரே பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தவர்கள் அவருடைய சக மாணவர்கள். எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும். கரும்பலகையில் எழுதியது அழகு, விளக்கம் அழகு. வில்லைத் தப்பாகப் பிடிக்க அங்கே ஒருவர்கூட இல்லை.

அதே பெண்ணைச் சில மாதம் கழித்து வேறோர் இடத்தில், வயதான வயலின் ஆசிரியை ஒருவரின் வீட்டில் பார்த்தேன். இந்தமுறை எதிரே இருந்தது உண்மையான பிள்ளை, எட்டு வயதுச் சிறுவன். வில்லை இழுக்க இழுக்க அது தந்திகளைத் தாங்கும் குதிரைப் பக்கத்திலிருந்து நழுவி விரல்பலகை மேல் ஏறிக்கொண்டே இருந்தது, கிரீச்சென்ற சத்தம். "நேரா இழுப்பா" என்றார் அந்தப் பெண். மறுபடி, "நேரா, நேரா." சிறுவன் பல்லைக் கடித்து முயன்றான், தோள் உயர்ந்தது, வில் இன்னும் கோணியது. உள்ளேயிருந்து வந்த மூத்த ஆசிரியை பையனுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு விரலால் அவன் மேல்கையை லேசாகப் பிடித்து, "இதை அசைக்காதே கண்ணா, முழங்கையை மட்டும் கதவு மாதிரித் திற" என்றார். வில் குதிரைக்கு இணையாக நேர்கோட்டில் வந்தது. சுத்தமான ஸட்ஜம் கேட்டது. பையன் திரும்பிப் பார்த்தான். "நாம எப்படி இழுக்கிறோம்னு நமக்கே தெரியாதும்மா. அதைத் தெரிஞ்சுக்கிறதுதான் வாத்தியார் வேலை" என்றார் அந்த அம்மா, இளம்பெண்ணிடம்.

வில் நேராக வருவது தோளால் அல்ல, முழங்கை திறப்பதால் என்பது பத்தாண்டு வாசித்தவரின் கைக்குத் தெரியும். அது வாய்க்கு வர வேண்டும். பிறகு எட்டு வயதுக்குப் புரியும் சொல்லாக வேண்டும். இதைப் படிக்கத்தான் படிப்பு வேண்டும்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? வியன்னாவின் இசை, நிகழ்கலைப் பல்கலைக்கழகத்தில் கருவி கற்பித்தலுக்கென்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. இளங்கலை 8 பருவம். மேடைக் கலைஞருக்கான படிப்பு வேறாக நடக்கிறது. கற்பித்தல் பிரிவில் சேர்கிறவர் தன் கருவியைத் தீவிரமாக வாசித்துப் படிப்பதோடு, அந்தக் கருவிக்கான கற்பித்தல் முறையையும் பாடமாகப் படிக்கிறார். மேற்பார்வையில் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். அதை அப்படியே இங்கே நட முடியாது, நடவும் வேண்டாம். ஆனால் குருகுலத்தில் மூத்த சீடர் செய்ததும் இதுதானே? நாம் கைவிட்ட ஒன்றை அவர்கள் பாடத்திட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் கடல் தாண்டிப் போய் இதை எவ்வளவு திறமையாகச் செய்தார்கள் என்பதற்கு மிருதங்கத்தில் நல்ல சான்று உண்டு. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். தாளம் என்ற சொல்லையே கேள்விப்படாத மாணவர்களுக்குப் பருவ அட்டவணைக்குள் சொல்லித்தர வேண்டிய கட்டாயம். மிருதங்கத்தில் கை வைக்கும் முன்பே சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் தாளம் போட வைப்பது நம் பழைய வழி. அதை அவர் பல்கலைக்கழகப் பாடமாக ஒழுங்குபடுத்தினார், புத்தகமாகவும் எழுதினார். வித்வத்தோடு கற்பிக்கும் முறையையும் சிந்திக்கும் ஒருவர் கையில் நம் மரபு எங்கேயும் செல்லும்.

இன்றைக்கு இந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து நியூ ஜெர்சி பிள்ளைக்கும் சிட்னி பிள்ளைக்கும் இணையவழியில் பாடம் எடுப்பது பல இளம் கலைஞர்களின் வருமானமாகிவிட்டது. இணையத்தில் ஒலி ஒரு கணம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒருவர் போடும் தாளத்துக்கு மற்றவர் வாசித்தால் இடறும். கூடவே வாசித்துக் கூடவே இழுத்துப்போகும் பழைய உத்தி இங்கே செல்லாது. தொட்டுத் திருத்தவும் வழியில்லை. மிச்சமிருப்பது சொல் மட்டுமே. மணிக்கட்டு தெரியும்படி கேமராவை எங்கே வைக்கச் சொல்வது, இந்த வாரம் எந்த நான்கு வரிசையைக் கொடுப்பது, எதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்வது என்று எல்லாம் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கற்பித்தல் படிக்காத நல்ல வாத்தியக்காரர் திணறிப்போகும் இடம் இது.

ஆகவே கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கருவி இசையில் பட்டம் வாங்கும் ஒவ்வொருவரும் கடைசி ஓராண்டு முழுவதும், அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ, கருவியை இதுவரை தொட்டிராத இரண்டு பிள்ளைகளுக்காவது முதல் பாடத்திலிருந்து சொல்லித்தரட்டும். வாரம் ஒருமுறை பேராசிரியர் கூட உட்காரட்டும். ஆண்டு முடிவில் பட்டம் வாங்குகிறவரின் வாசிப்போடு அந்தப் பிள்ளைகளின் வாசிப்பையும் கேட்டு மதிப்பெண் போடட்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். பள்ளிகளுக்கு இரவல் தரச் சில அரை வயலின்களும் கொஞ்சம் குழல்களும் போதும். கருவியே கண்டிராத அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி பிறக்கும்.

பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். ஆசிரியர் எத்தனை கச்சேரி வாசித்தார் என்று விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவரிடம் இரண்டு ஆண்டு படித்த ஒரு பிள்ளை வாசிப்பதை ஒருநாள் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சேருங்கள்.