ஊரே துக்கத்துல இருக்கும்போது டூரிஸ்ட் என்ன பண்றது? ரோம், ஏப்ரல் 2025

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு சிச்சுவேஷன் எடுத்துக்கலாம். பல மாசம் முன்னாடியே லீவு சொல்லி, விசா வாங்கி, 2025 ஏப்ரல் 21 காலையில ரோம்ல இறங்குறீங்க. அதே காலையில போப் பிரான்சிஸ் காலமாகிட்டாரு. வயசு 88. முந்தின நாள்தான் ஈஸ்டர். அந்த வருஷம் யூபிலி ஆண்டு வேற, அதாவது வழக்கமா 25 வருஷத்துக்கு ஒரு முறை வர்ற திருயாத்திரை வருஷம். ஊர் ஏற்கெனவே நிரம்பி வழியுது.

இப்போ உங்க பிளான் என்ன ஆகும்?

முதல்ல ஒரு விஷயம். ரோம் இத்தாலியோட தலைநகரம். அதுக்குள்ளேயே இருக்கிற வத்திக்கான் தனி நாடு, ஒரு சதுர கிலோமீட்டர்ல பாதிகூட இல்ல. அதனால துக்கமும் ரெண்டு கணக்கு. இத்தாலி 5 நாள் தேசிய துக்கம் அறிவிச்சது. வத்திக்கான்ல ஏப்ரல் 26 இறுதிச் சடங்குல இருந்து 9 நாள் தினமும் திருப்பலி. புது போப்பைத் தேர்ந்தெடுக்கிற கூட்டம் மே 7ல தொடங்குச்சு. அதுக்குத் தயார் பண்றதுக்காக ஏப்ரல் 28லயே சிஸ்டின் சேப்பலை மூடிட்டாங்க. மைக்கேலாஞ்சலோ ஓவியத்தைப் பார்க்கணும்னு வந்தவங்களுக்கு ஏமாற்றம்தான்.

இன்னொரு கூட்டமும் இருந்துச்சு. கார்லோ அக்குடிஸ்னு ஒரு பையன், 2006ல 15 வயசுல இறந்தவர், வெப்சைட் எல்லாம் உருவாக்கினவர். அவருக்கு ஏப்ரல் 27ல புனிதர் பட்டம் கொடுக்கிறதா இருந்தது. அது செப்டம்பருக்குத் தள்ளிப்போச்சு. கொண்டாட்டத்துக்கு வந்த பசங்க துக்கத்துல நின்னாங்க.

ஏப்ரல் 23ல இருந்து மூணு நாள், புனித பேதுரு பேராலயத்துல உடலை வச்சிருந்தாங்க. சுமார் இரண்டரை லட்சம் பேர் பார்த்தாங்க. முதல் நாள் நள்ளிரவுல மூடுறதா இருந்தது. கூட்டத்தைப் பார்த்துட்டு விடியற்காலை வரைக்கும் திறந்தே வச்சாங்க. இந்த வரிசைக்கு டிக்கெட் கிடையாது. பக்தர், டூரிஸ்ட், வேற மதத்துக்காரர்னு பிரிக்கவும் இல்ல.

அப்போ நாமளும் போய் நிக்கலாமா? இதுதான் உண்மையான கேள்வி. என் பதில், தாராளமா நிக்கலாம். காரணத்தைச் சடங்குலயே பார்க்கலாம். முன்னாடி போப்புக்கு மரம், உலோகம், மறுபடி மரம்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு பெட்டி. உடலை உயரமான மேடையில வைப்பாங்க. பிரான்சிஸ் உயிரோட இருக்கும்போதே, 2024ல, அந்த விதிகளை மாத்திட்டாரு. உள்ளே துத்தநாகத் தகடு அடிச்ச ஒரே மரப்பெட்டி, உயர மேடை கிடையாது. ஒரு சாதாரண மேய்ப்பரா வழியனுப்பணும்ங்கிறதுதான் எண்ணம். வர்றவங்களைத் தள்ளி நிறுத்துற ஏற்பாடே இல்ல.

ஆனா பெட்டி முன்னாடி நின்னு சிலர் செல்ஃபி எடுத்தது பெரிய சர்ச்சை ஆச்சு. அப்புறம் போனை உள்ள வைக்கச் சொன்னாங்க. ஒரு சாவு வீட்டுக்குப் போனா நமக்கு யாரும் ரூல்ஸ் சொல்லித் தர வேண்டாம், இல்லையா? அதேதான் இங்கேயும். தோளும் முழங்காலும் மறையுற டிரெஸ், சைலன்ட்ல போன், அழுறவங்களுக்கு வழி. நம்பிக்கை இருக்கணும்னு அவசியமில்ல. இது இன்னொருத்தரோட துக்கம்ங்கிற நினைப்பு இருந்தா போதும்.

அவர் அடக்கமானது வத்திக்கான்ல இல்ல, ரோம் நகரத்துல இருக்கிற சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்துல. கல்லறையில லத்தீன்ல அவர் பேர் மட்டும்தான். கட்டணம் கிடையாது. ரோம் போனா ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!