இடுப்பில் குழந்தை... கையில் குன்றிமணி!

"டாக்டர், பையன் ஒண்ணை முழுங்கிட்டான்!"

நவராத்திரிக்கு முந்தின வாரம். கிழக்குத் தாம்பரத்தில் என் கிளினிக்கை மூடப்போகிற நேரம். சேலையூர் பக்கத்திலிருந்து ஆட்டோவில் ஓடிவந்த அந்த இளம் தாய் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கறுப்புக் கண் வைத்த சிவப்புக் குன்றிமணிகள். கொலுவில் அம்மனுக்குச் சாத்த மாலை கோத்துக்கொண்டிருந்தாராம். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து போன ஒரு நிமிஷத்தில், இரண்டு வயதுப் பையன் தட்டில் கைவைத்துவிட்டான்.

நான் கேட்ட முதல் கேள்வி: "ஓட்டை போட்டதா, போடாததா?"

அவருக்கு விளங்கவில்லை. உங்களில் பலருக்கும் விளங்காது என்பதால் சொல்கிறேன். குன்றிமணியின் மேல்தோல் கல் மாதிரி. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஊசியால் குத்தினாலோ, பல்லில் கடித்தாலோ கதையே வேறு. உள்ளே இருப்பது ஆப்ரின் என்ற கொடிய நஞ்சு. அதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. வாந்தி, ரத்தப்போக்கோடு பேதி எல்லாம் சில மணி நேரம் கழித்து வரலாம். ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். 'பிள்ளை நல்லாத்தானே விளையாடுது' என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. சித்த மருத்துவத்தில் குன்றிமணிக்கு இடம் உண்டு. ஆனால் முறைப்படி சுத்தி செய்யாமல் நாங்கள் அதைத் தொடுவதில்லை.

அன்றைக்கு நான் சூரணமும் கொடுக்கவில்லை, கஷாயமும் கொடுக்கவில்லை. வாந்தி எடுக்கவைக்கவும் விடவில்லை. மிச்ச மணிகளைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்து, அதே ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். மணி முழுசாக வெளியே வந்தது. நல்லவேளை, ஓட்டை போடாதது.

பத்து நாள் கழித்து அவர் மறுபடியும் வந்தார். முகம் வாடியிருந்தது.

"கைவேலைப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல போட்டுட்டாங்க டாக்டர். புள்ள வளர்ற வரைக்கும் இலை, பூ, விதைன்னு எதையும் வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாதாம். நீங்களும் அதையேதான் சொல்லுவீங்க, இல்ல?"

நான் அதைச் சொல்லவில்லை. குன்றிமணியைப் பரண்மேல் போட்டது சரி. பெட்டியைப் போட்டது சரியில்லை.

பத்தமடையில் பார்த்தது

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறி நண்பர்களோடு பத்தமடைக்குப் போனேன். தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியால் நார் நாராக வகிர்ந்து, பருத்தி நூல் பாவில் நெய்கிற ஊர் அது. மெல்லிய பட்டுப்பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கே இந்த ஊர்ப் பாய் போயிருக்கிறது. சிவப்புக்குச் சப்பங்கக் கட்டையைக் கொதிக்கவைத்துச் சாயம் எடுப்பது அவர்களுடைய பழைய வழக்கம்.

நெய்கிறவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். நான் போன வீட்டில் தறி தரையோடு தரையாகக் கிடந்தது. பக்கத்தில் தூளி. அதன் கயிறு அந்த அம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில். குழந்தை சிணுங்கினால் ஓர் இழுப்பு. அடங்கினால் மறுபடியும் கோரை. பிள்ளை வளரட்டும் என்று அவர் தறியைச் சுருட்டி வைக்கவில்லை. வைத்தால் உலை கொதிக்காது என்பதும் உண்மை.

வைத்தியனாகப் பார்த்ததையும் மறைக்கக் கூடாது. குனிந்தே உட்கார்ந்து இடுப்பு வலி, முழங்கால் வலி, மாலையானால் கண் எரிச்சல். இவ்வளவு உழைப்புக்குக் கூலி கம்மி. எங்கள் மருத்துவ மரபு கோரைப்பாய் உடல் சூட்டைத் தணித்துத் தூக்கம் தரும் என்கிறது. அதை நெய்கிறவருக்குத் தூக்கம் வருகிறதா என்று எந்த ஓலைச்சுவடியிலும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை!

இரண்டு பெண்களைப் பெற்ற ஓவியர்

கடல் தாண்டியும் ஒருவர் இருந்தார். ஜெர்மனியில் 1647-ல் பிறந்த மரியா சிபில்லா மேரியன். 18 வயதில் கல்யாணம். 1668-ல் மூத்த பெண், 1678-ல் இளைய பெண். இதற்கு நடுவே, 1675-ல், பூப்படப் புத்தகத்தின் முதல் பகுதியை வெளியிட்டார். பெண்கள் துணியில் எம்பிராய்டரி போட மாதிரியாகப் பயன்பட்ட படங்கள் அவை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்றுக்கொடுத்தார். செடியையும் அதைத் தின்கிற புழுவையும் வீட்டிலேயே வளர்த்து, பார்த்துப் பார்த்து வரைந்தார். அந்த வீட்டில் வளர்ந்த இரண்டு பெண்களுமே ஓவியர்கள் ஆனார்கள். 1699-ல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே அவர் வரைந்தவற்றில் மயில்கொன்றையும் ஒன்று. ஆமாம், தாம்பரத்தில் காம்பவுண்டுச் சுவரோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிறதே, அதேதான்! படத்தோடு அவர் எழுதிய குறிப்பு என்னை உலுக்கியது. அங்கே அடிமைப்பட்டிருந்த பெண்கள், தங்கள் பிள்ளையும் அடிமையாகப் பிறக்க வேண்டாம் என்று அதன் விதையைக் கருக்கலைக்கத் தின்றார்களாம். பூ அழகாயிருக்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. இந்தச் செடி யாரை என்ன செய்யும் என்றும் விசாரித்திருக்கிறார்.

சேலையூர்த் தாய்க்கு நான் சொன்னதும் இதைத்தான். 'வரையுங்கள், கோலுங்கள், அச்சு எடுங்கள். ஆனால் செடியின் பெயரும் குணமும் தெரிந்த பிறகு எடுங்கள்.'

நம் தெருவில் என்ன இருக்கிறது?

காலி மனைகள் குறைந்துகொண்டே வந்தாலும், தாம்பரம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் மழை விட்டதும் பாருங்கள். தும்பை, குப்பைமேனி, நாயுருவி, வேலியில் முடக்கத்தான், கோவை. பிரண்டையின் நாலுபட்டைத் தண்டைப் பார்த்துவிட்டுக் கோலம் போட்டால் புள்ளி தானாக அமையும். 1937-ல் தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்திலும், நன்மங்கலம் காப்புக்காட்டிலும் இந்த மண்ணுக்கே உரிய புதர்க்காடு இன்னும் மிஞ்சியிருக்கிறது. அங்கெல்லாம் அனுமதி வாங்கிப் போய்ப் பார்க்கலாம், வரையலாம். ஒரு இலையைக்கூடக் கிள்ளி வராதீர்கள்.

ஆவாரையைப் பற்றி ஒரு விஷயம். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனி. குரோமிய உப்பு வருவதற்கு முன்னால் நம்மூரில் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையால்தான். ஊர்ப் பெயரில் குரோமியம் ஏறிவிட்டது. ஆவாரையோ ரயில் பாதை ஓரம் மஞ்சளாகப் பூத்துக்கொண்டிருக்கிறது.

சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் சொல்கிற வேலை பவளமல்லி. விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் பூவைக் குழந்தையோடு பொறுக்குங்கள். ஆரஞ்சுக் காம்பை மட்டும் கிள்ளித் தண்ணீரில் கொதிக்கவைத்து, படிகாரத் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியை அதில் முக்கினால் காவி கலந்த மஞ்சள் ஏறும். கறுப்பு வேண்டுமா? கடுக்காய்த் தோலை ஊறவைத்த தண்ணீரில் துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டு வையுங்கள். சாயப் பாத்திரம் தனியாக இருக்கட்டும், சமையலுக்கு அது திரும்பக் கூடாது. இந்தத் தண்ணீரெல்லாம் குழந்தையின் கைக்கு எட்டவும் கூடாது. பூவரசு, வேப்பிலை, நாவல் இலைகளைப் பழைய நியூஸ்பேப்பரில் வைத்து அழுத்திக் காயவைக்கலாம். மழைக்காலத்தில் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பூத்துவிடும்.

தொடக் கூடாதவையும் உண்டு. குன்றிமணியையும் ஆமணக்கு விதையையும் ஓட்டை போடவே வேண்டாம். குன்றிமணி வளையல்களை விற்ற இங்கிலாந்தின் ஈடன் பிராஜக்ட் என்ற பெரிய தாவரத் தோட்டம், 2011-ல் அவற்றைத் திருப்பித் தரும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. மஞ்சள் அரளிக் காய், ஊமத்தை விதை வீட்டுக்குள்ளேயே வேண்டாம். எருக்கம்பால் பட்ட கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். காலி மனையில் மண்டுகிற பார்த்தீனியம் நம் செடியே இல்லை, சிலருக்குத் தொட்டாலே அரிப்பு. நம் மாநில மலர் செங்காந்தளைப் புடவைத் தலைப்பில் தாராளமாகப் பின்னுங்கள், அதன் கிழங்கை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். உயிரைக் குடிக்கிற நஞ்சு.

உடம்பையும் கவனியுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். துணியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள், கழுத்தைத் துணிக்கு இறக்காதீர்கள். இரவு பதினொரு மணிக்குமேல் ட்யூப்லைட்டில் ஊசி கோர்க்கிற வேலை வேண்டாம். இன்னொன்று. பிரசவமான தாய் இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால், 'ஏதாவது கைவேலை செய், சரியாயிடும்' என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பூத்தையல் அதற்கு மருந்தாகாது.

மற்றபடி, ஒரு நாளில் அரை மணி நேரம் அவளுடையது என்று வீட்டிலிருக்கிற மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த அரை மணி குழந்தையை யார் வைத்துக்கொள்வது? இந்தக் கேள்வியை நான் அந்தத் தாயிடம் கேட்கவில்லை, கூட வந்திருந்த கணவரிடம் கேட்டேன். மனுஷன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "ஆபீஸ்லேர்ந்து ஏழு மணிக்கு வந்துடறேன் சார்" என்றார்.

பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. போன மாதம் பையனின் சளிக்கு வந்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். பக்கத்துக்கு ஒரு செடி. கீழே பெயர், எந்தத் தெருவில் பார்த்தது, தொடலாமா கூடாதா. குப்பைமேனிப் பக்கத்தில் மட்டும் பையனின் க்ரேயான் கிறுக்கல்.

பிள்ளையார் சதுர்த்தி நெருங்கினால் களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணிதானே கண்? எங்கள் வீட்டில் அவருக்கு இப்போதெல்லாம் இரண்டு மிளகு.