சிவப்பாகத் தெரியும் தங்கம்

நோயைக் காட்டும் புரதம் இரத்தத்தில் இருந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது என்பதால், அதை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளோடு, கண்ணுக்கோ கருவிக்கோ எட்டக்கூடிய ஓர் அடையாளத்தைப் பிணைத்து அனுப்புவது மருத்துவப் பரிசோதனையில் நெடுநாள் வழக்கம். கதிரியக்கத் தனிமங்களும் நொதிகளும் ஒளிரும் சாயங்களும் இப்பணியைச் செய்துவந்த நிலையில், 1971இல் ஃபால்க், டெய்லர் ஆகிய இருவர் தங்கத் துகளோடு எதிர்ப்பொருளைப் பிணைத்து, சால்மொனெல்லா பாக்டீரியாவின் மேற்பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அடையாளம் காட்டினர்.

சில பத்து நானோமீட்டர், அதாவது மீட்டரை நூறு கோடியாகப் பகுத்ததில் சில பத்துப் பங்கு, அளவுக்குச் சிறுத்த தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. அதன் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியலைக்கு இசைந்து ஒருசேர ஊசலாடி, 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால், எஞ்சுவது சிவப்பாகத் தெரிகிறது. மைக்கேல் ஃபாரடே 1857இலேயே ஆராய்ந்த இந்நிறம், ஒளிரும் சாயங்களைப்போல வெளிச்சத்தில் வெளிறுவதுமில்லை.

கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால், வெளிர்மஞ்சள் மறைந்து, கருநீலம் தோன்றி, சில நிமிடங்களில் செம்மை நிலைபெறும். சிட்ரேட் தரும் எதிர்மின்சுமையால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. உப்பு சேர்ந்தால் அவ்விலக்கம் குன்றி, அவை ஒட்டித் திரண்டு நீலமாகிவிடும். எதிர்ப்பொருள் போதிய அளவு போர்த்திய துகளோ உப்பிலும் சிவப்பாகவே நிற்குமாதலால், ஆய்வகத்தார் ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டே பூச்சின் தரத்தை அறிந்துவிடுகின்றனர். எளிமையில் இதை மிஞ்சும் சோதனை அரிது.

கருவுற்றதை அறியும் பட்டைகள் பலவற்றில் இத்துகள்கள் உலர்ந்த நிலையில் காத்திருக்கின்றன. சிறுநீர் பட்டதும் அதிலுள்ள ஹார்மோனைப் பற்றிக்கொண்டு நைட்ரோசெல்லுலோஸ் தாளில் ஊர்ந்து, அங்கே நிறுத்திவைக்கப்பட்ட இன்னோர் எதிர்ப்பொருளிடம் சிக்கிக் குவியும்போது சிவப்புக் கோடு தெரிகிறது.

துகள்கள் மிகச் சிலவே சிக்கினால் கோடு தெரியாது. அப்போது வெள்ளி உப்பும் அதை உலோகமாக்கும் வேதிப்பொருளும் கலந்த நீரை ஊற்றினால், தங்கத்தின் மேற்பரப்பிலேயே வெள்ளி படிந்து, துகள் பன்மடங்கு பருத்துக் கறுக்கும். 2000இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாட் மிர்கின் குழுவினர், இம்முறையில் கறுத்த டி.என்.ஏ. புள்ளிகளைச் சாதாரண மேசை ஸ்கேனரிலேயே படித்து, ஒளிரும் சாயத்தைவிட நூறு மடங்கு நுட்பமான முடிவைப் பெற்றனர். ஆனால் நேரம் மிஞ்சினால் தங்கம் இல்லாத இடத்திலும் வெள்ளி படிந்து பின்புலமே கறுத்துவிடும் என்பதால், வீட்டில் பயன்படும் தங்கப் பட்டைகளில் பெரும்பாலானவை வெள்ளியின் துணையின்றியே இயங்குகின்றன.