1 லட்சம் ரேடியோ ஆர்டரை உதறிய கடற்படை அதிகாரி!

நியூயார்க் நகரம். 1955-ம் ஆண்டு.

பெயர் பெற்ற கடிகாரக் கம்பெனி ஒன்றுக்கு ஜப்பானியர் ஒருவர் வந்திருந்தார். வயது 34. கையில் ஒரு சின்னஞ்சிறு ரேடியோ. அவருடைய கம்பெனி தயாரித்தது.

ரேடியோ கடிகாரக் கம்பெனியாருக்குப் பிடித்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டல்ல, 1 லட்சம் ரேடியோ வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள்!

ஜப்பானியருக்குத் தலை சுற்றியது. அவருடைய கம்பெனியின் மொத்த முதலைப் போலப் பல மடங்கு பணம் அது.

ஆனால், ஒரு நிபந்தனை. ரேடியோவில் கடிகாரக் கம்பெனியின் பெயரைத்தான் பொறிக்க வேண்டும். ஜப்பான் கம்பெனியின் பெயர் இருக்கக் கூடாது.

டோக்கியோவுக்குத் தந்தி பறந்தது. ஆர்டரை வாங்கிக்கொள்ளும்படி பதில் வந்தது. ஆனாலும் அவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு போய், "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்!

அவர் பெயர் அகியோ மொரிடா. ஜப்பான் கடற்படையில் லெப்டினன்டாக இருந்தவர். தோற்றுப்போன படையின் அதிகாரி!

மூத்த மகன்

மொரிடா 1921-ல் நகோயா நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் 300 ஆண்டுகளுக்கு மேலாக அரிசியில் மது காய்ச்சும் தொழில் செய்து வந்தது. "சாக்கே" என்பது அந்த மதுவின் பெயர்.

வீட்டுக்கு மூத்த மகன் அவர். தந்தைக்குப் பிறகு தொழில் அவருக்குத்தான். பள்ளியில் படிக்கும்போதே அவரைத் தந்தை தொழில் இடத்துக்கு அழைத்துப்போய் உட்கார வைப்பார்.

பையன் மனமோ வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் இருந்த மின்சார கிராமபோனைப் பார்த்து அதிசயித்தான். மின்சாரக் கருவிகள் செய்வதில் பொழுதைக் கழித்தான். பாடத்தில்கூடப் பின்தங்கிப் போனான்.

பிறகு ஒசாகா பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தார். போர் மும்முரமாக நடந்த நேரம். படிப்பு முடிந்ததும் கடற்படை அதிகாரி ஆனார்.

அவருக்குக் கிடைத்த வேலை கப்பலில் அல்ல, ஆராய்ச்சிக் குழுவில். எதிரியின் வெப்பத்தை மோப்பம் பிடித்துச் செல்லும் ஆயுதம் செய்ய முயன்றார்கள். அதே குழுவில் இருந்தவர் மசாரு இபுகா. அவர் படையில் சேராத என்ஜினீயர். மொரிடாவை விட 13 வயது மூத்தவர். இருவரும் நண்பர்கள் ஆனார்கள்.

1945 ஆகஸ்டில் அணுகுண்டு விழுந்தது. ஜப்பான் சரண் அடைந்தது. லெப்டினன்ட் மொரிடாவுக்கு அப்போது வயது 24. ஊர் திரும்பினார்.

பத்திரிகையில் வந்த செய்தி

அந்த அக்டோபரில் ஒருநாள், "அசாஹி" பத்திரிகையில் ஒரு சிறு செய்தி வந்திருந்தது.

டோக்கியோவில் குண்டு வீச்சில் சேதமான பெரிய கடை ஒன்று. அதில் ஓர் அறையில் இபுகா பட்டறை போட்டிருக்கிறார். சாதாரண ரேடியோவில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்க வழி செய்து தருகிறார். இதுதான் செய்தி.

மொரிடா உடனே நண்பருக்குக் கடிதம் எழுதினார். டோக்கியோ தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. அதனால் தலைநகருக்கும் போனார். பகலில் பாடம், மற்ற நேரத்தில் இபுகாவின் பட்டறை.

அப்போது ஓர் உத்தரவு வந்தது. ராணுவ அதிகாரிகளாக இருந்தவர்கள் ஆசிரியர் வேலை பார்க்கக் கூடாது!

போர் முடிந்தும் பழைய சீருடை அவரை விடவில்லை. வேலை போயிற்று. ஆனால், அதுவே அவருக்கு வழியும் காட்டியது. முழு நேரமும் தொழிலில் இறங்கத் தீர்மானித்தார்.

தந்தையிடம் தூது

தீர்மானித்தால் போதுமா? மூத்த மகனைத் தந்தை விடவேண்டுமே!

1946 ஏப்ரலில் மொரிடாவும் இபுகாவும் இரவு ரயிலில் புறப்பட்டார்கள். இபுகாவின் மாமனாரும் உடன் வந்தார். அவர் கல்வி மந்திரியாக இருந்தவர். குளிர் காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ரயில் ஜன்னல்களோ உடைந்து கிடந்தன.

வீட்டில் ரொட்டி, வெண்ணெய், ஜாம் கொடுத்து உபசரித்தார்கள். உணவுப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில் அது பெரிய விருந்து.

வந்தவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். 300 ஆண்டுத் தொழிலை மூத்த மகன் விடுவதா? தந்தை நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில், மகனுக்கு விருப்பமானதையே செய்யட்டும் என்று விடை கொடுத்தார். குடும்பத் தொழிலைத் தம்பி ஏற்றுக்கொண்டார்.

அது மட்டுமல்ல. புதுக் கம்பெனி பணத்துக்குத் தவித்தபோதெல்லாம் தந்தை கடன் கொடுத்தார். அந்தக் கடனுக்கு ஈடாகக் கம்பெனிப் பங்குகள் தந்தார்கள். பின்னாளில் அவை பெரும் சொத்து ஆயின!

குடைக்குக் கீழே அலுவலகம்

1946 மே 7-ந் தேதி கம்பெனி தொடங்கியது. முதல் 1 லட்சத்து 90 ஆயிரம் யென். சுமார் 20 பேர் வேலை செய்தார்கள்.

முன்பே இபுகா ஒரு மின்சார அடுப்புப் பானை செய்து பார்த்திருந்தார். அரிசி ஒன்று குழைந்தது, இல்லாவிட்டால் வேகவில்லை. அது விலை போகவில்லை.

பிறகு கம்பெனி வேறு கட்டடத்துக்குப் போனது. அங்கே கூரை ஒழுகியது. மழை பெய்தால் மேஜை மேல் குடையை விரித்து வைத்து வேலை பார்த்தார்கள்!

அடுத்து, பேச்சைப் பதிவு செய்யும் டேப் ரிக்கார்டர் செய்தார்கள். டேப் செய்யப் பிளாஸ்டிக் கிடைக்கவில்லை. காகிதத்தைக் கத்தரித்தார்கள். காந்தப் பொடியை வாணலியில் வறுத்தார்கள். அதைத் தூரிகையால் காகிதத்தில் பூசினார்கள்.

1950-ல் ரிக்கார்டர் விற்பனைக்கு வந்தது. விலை 1½ லட்சம் யென்னுக்கு மேல்! பார்த்தவர்கள் எல்லாரும் வியந்தார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் மொரிடா பழம்பொருள் கடை ஒன்றைக் கடந்து போனார். ஒருவர் பழைய ஜாடி ஒன்றுக்கு அதிகப் பணம் கொடுத்து வாங்கினார். மொரிடா யோசித்தார். அந்த ஜாடியை விட ரிக்கார்டர் எவ்வளவோ பயன் உள்ளது. ஆனால், ஜாடியின் அருமை வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. ரிக்கார்டரின் அருமை யாருக்குத் தெரியும்?

அது யாருக்குத் தேவை என்று தேடினார். போருக்குப் பின் நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தர்கள் போதவில்லை. அங்கே கொண்டுபோய்ப் பேசவைத்துக் காட்டினார். ரிக்கார்டர்கள் விற்றன! பிறகு பள்ளிக்கூடங்களும் வாங்கின.

அந்தப் பெயர்

அடுத்தது டிரான்சிஸ்டர். அமெரிக்காவில் கண்டுபிடித்த சிறு பொருள். அதைச் செய்யும் உரிமைக்கு 25 ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு அந்நியப் பணம் தர ஜப்பான் அரசாங்கமே மாதக்கணக்கில் தயங்கியது.

கடைசியில் உரிமை கிடைத்தது. 1955-ல் ஜப்பானின் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று முந்தைய ஆண்டே செய்துவிட்டது. ஆனாலும் ஜப்பானியர் விடவில்லை.

1957-ல் சட்டைப் பைக்குள் போகும் ரேடியோ செய்வதாகச் சொன்னார்கள். செய்து பார்த்தால் சட்டைப் பையை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மொரிடா என்ன செய்தார் தெரியுமா? விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்தார்!

1 லட்சம் ரேடியோ ஆர்டரை வேண்டாம் என்றபோது, கடிகாரக் கம்பெனிக்காரர் திகைத்துப்போனார். தங்கள் பெயரை ஊரறியச் செய்ய 50 ஆண்டு ஆனது என்றார். 50 ஆண்டுக்கு முன் உங்கள் பெயரும் யாருக்கும் தெரியாதுதானே என்று மொரிடா கேட்டார். இன்னும் 50 ஆண்டில் தங்கள் பெயரும் அதைப்போல் புகழ் பெறும் என்று உறுதி சொன்னார்.

அவர் விற்க மறுத்த அந்தப் பெயர் எது?

"சோனி!"

50 ஆண்டு தேவைப்படவில்லை. 1970-ல் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம் பிடித்த முதல் ஜப்பான் கம்பெனி ஆனது சோனி. 1979-ல் நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் "வாக்மேன்" வந்தது. பதிவு செய்யாத டேப் கருவியை யார் வாங்குவார்கள் என்று கம்பெனியிலேயே பலர் கேட்டார்கள். மொரிடா பிடிவாதமாக நின்றார். முதலில் செய்த 30 ஆயிரமும் சில வாரங்களில் விற்றுத் தீர்ந்தன.

இபுகா 1997-ல் காலமானார். மொரிடா 1999-ல், தமது 78-வது வயதில் மறைந்தார்.

குடும்பப் பெயர் சொல்லும் தொழிலை விட்டு வந்தவர் அவர். படையில் இருந்ததால் ஆசிரியர் வேலையையும் இழந்தவர். அவர் கையில் மிஞ்சியது ஊர் அறியாத ஒரு பெயர்தான். அதற்கு 1 லட்சம் ரேடியோ விலை பேசினார்கள். அவர் கொடுக்கவில்லை!