சாலை அகலமாகும்போது கிணற்றுத் தண்ணீர் எப்படிக் கடக்கும்?

ஒட்டன்சத்திரத்திலிருந்து கள்ளிமந்தையம், தாராபுரம் வழியாகத் திருப்பூர் போகும் மாநில நெடுஞ்சாலையில் தக்காளிப் பெட்டியும் முருங்கைக்காய்க் கட்டும் ஏற்றிய சிறு வண்டிகளுக்குக் குறைவே இல்லை. கேரளத்துக்குக் காய் அனுப்பும் ஒட்டன்சத்திரம் சந்தையில் 14 கிலோ தக்காளிப் பெட்டி இன்று விற்கும் விலை நாளைக்கு நிற்காது. நேரத்தோடு, நசுங்காமல் காய் போய்ச் சேர நல்ல ரோடு வேண்டும். அதை வேண்டாம் என்று சொல்லும் விவசாயி அரிது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இது மழை குறைந்த, கிணற்றை நம்பிய பூமி. இப்படிப்பட்ட ஊர்களில் கிணறு ரோட்டுக்கு ஒரு பக்கமும் காடு மறுபக்கமுமாக இருப்பது சாதாரணம். அப்பா காலத்தில் ரோட்டுக்கு அடியில் புதைத்த குழாய்தான் இரண்டையும் இணைக்கும். அதற்கு நெடுஞ்சாலைத்துறை அனுமதி வாங்கிய காகிதம் எத்தனை வீடுகளில் இருக்கும்? அகலப்படுத்தப் பொக்லைன் இறங்கும் நாளில் குழாய் உடையும். திரும்பப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கக் கையில் ஆதாரம் இருக்காது. வெங்காயம் காய்ப் பருவத்தில் இருக்கும்போது பத்து நாள் தண்ணீர் நின்றால் அந்தப் போகமே போச்சு.

எனவே அளவுக்கல் நடும்போதே அசைய வேண்டும். கிணறு, குழாய், காடு மூன்றையும் புலப்படத்தில் குறித்து, தார் போடுமுன் குறுக்கே அகலமான வெற்றுக் குழாய் ஒன்று பதித்துத் தரும்படி கோட்டப் பொறியாளருக்கு மனு எழுதலாம். பின்னாளில் பாசனக் குழாய் பழுதானாலும் ரோட்டைத் தோண்டாமல் அதற்குள்ளேயே உருவி மாற்றிவிடலாம். தார் போட்ட பிறகு வெட்டுவதென்றால் அனுமதியும் வேண்டும், சீரமைப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு நகல் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைப்பது நல்லது.

சிறுபாலங்களையும் கவனிக்க வேண்டும். ரோடு உயர உயர, மழைத் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கும்; மறுபக்கத்துக் குட்டை காயும். ஐப்பசி மழையில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஓடும் என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். கோடையில் வந்து அளப்பவருக்கு அது தெரிய வழியில்லை. போய்க் காட்டுவதில் தவறில்லை.

நிலம் எடுப்பது 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டப்படி. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வழியில் நிலம் எடுப்பது செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் கொண்டுவந்து மீட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டுக் கணக்கு 2013 மத்தியச் சட்டப்படி. நிலம், கிணறு, மோட்டார் அறை, மரம் எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டி, அதே அளவு தொகையை ஆறுதல் தொகையாகச் சேர்ப்பார்கள். அளக்கும் நாளில் உடனிருந்து, ஒவ்வொரு தென்னையும் பட்டியலில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். எழுதாத மரத்துக்குப் பணம் வராது.

பணம் பெரும்பாலும் தடைபடுவது பட்டாவில்தான். தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் அறிவிப்பு வருமுன்பே வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றிவிட வேண்டும். தொகை குறைவென்று பட்டால், ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டு வாங்கி, நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி கோரலாம். அதற்குக் காலக்கெடு உண்டு.