உங்களுக்குத் தெரியுமா? எடையும் மரபணுவும்

● 2007இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வலை வீசியது சர்க்கரை நோய் மரபணுவுக்கு. சிக்கியதோ உடல் பருமனுக்கான எஃப்.டி.ஓ. மரபணு! இதன் ஒரு வகையை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அறவே பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையோடு இருந்தார்கள்.

● கொழுப்பு வெறும் சேமிப்பு மூட்டை அல்ல. ‘கையிருப்பு போதும்’ என்று மூளைக்குச் சேதியும் அனுப்பும். அந்தச் சேதிதான் லெப்டின் என்னும் ஹார்மோன். இதற்கான மரபணுவை 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. கிரேக்க மொழியில் ‘லெப்டோஸ்’ என்றால் ஒல்லி.

● அந்தச் சேதி போகாவிட்டால்? 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார்கள். வயது 8, எடை 86 கிலோ! பிறந்தபோது எடை சாதாரணம்தான். லெப்டின் மரபணு பழுதானதால் எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. பின்னர் தினமும் லெப்டின் ஊசி போட்டதில், ஒரே ஆண்டில் சுமார் 16 கிலோ குறைந்தாள்.

● லாப்ரடார் நாய் எப்போதும் தட்டையே பார்ப்பது ஏன்? ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, பசியை அடக்கும் ‘பி.ஓ.எம்.சி.’ மரபணுவில் ஒரு துண்டு இல்லை. 2016இல் தெரியவந்த சங்கதி இது. உதவி நாய்களாகப் பழக்கப்படும் லாப்ரடார்களிடம் இந்தக் குறை இன்னும் அதிகம். பிஸ்கட்டுக்காகச் சொன்னதைக் கேட்பதால் தேர்வாகின்றனவோ என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

● குண்டாக இருந்தால் சர்க்கரை நிச்சயமா? சமோவா தீவுகளில் அந்தக் கணக்கு தப்புகிறது. அங்கே பலரிடம் உள்ள ஒரு மரபணு மாற்றம் எடையைக் கூட்டுகிறது. சர்க்கரை நோய் அபாயத்தையோ குறைக்கிறது!

● கிரீன்லாந்தில் இன்னொரு விசித்திரம். அங்கே சுமார் 4 சதவீதம் பேருக்குப் பெற்றோர் இருவர் வழியாகவும் வந்த ஒரு மாற்றத்தால், சாப்பிட்ட பின் தசைகள் சர்க்கரையைச் சரியாக உறிஞ்சுவதில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் இவர்களின் சர்க்கரை நோய் பெரும்பாலும் பிடிபடாது; சாப்பிட்ட பின் எடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

● மரபணு தலையெழுத்தா? அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் பெரும்பாலும் காரும் டிராக்டரும் இல்லாமல் வாழ்பவர்கள். 2008இல் சோதித்தபோது, நன்றாக உடலுழைக்கும் ஆமிஷ்காரர்களிடம் எஃப்.டி.ஓ.வின் ஜம்பம் பலிக்கவில்லை. ஆனால் சும்மா இல்லை: உழைப்புக் குறைந்தவர்களைவிட அவர்கள் நாளுக்கு 3, 4 மணி நேரம் கூடுதலாக வேலை செய்தவர்கள்!