ஒரு செமஸ்டர் நிறுத்தினால்

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்பவர்களில், பிள்ளையை அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க அனுப்பிய அப்பாக்களும் இருக்கிறார்கள். "உடம்பு சரியில்லைங்கிறான். ஒரு செமஸ்டர் நிறுத்திட்டு அப்புறம் தொடரலாமா? விசாதான் அஞ்சு வருஷத்துக்கு இருக்கே?" என்று கேட்கிறார்கள். உட்காருங்கள் அண்ணே, நிதானமாகவே பார்ப்போம்.

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா கம்பெனி கேட் பாஸ் மாதிரி. வாசலைத் தாண்ட உதவும், அவ்வளவுதான். உள்ளே போனபின் மஸ்டரில் பெயர் இருக்கவேண்டும். அமெரிக்காவில் அந்த மஸ்டர், செவிஸ் என்கிற அரசுக் கணினிப் பதிவு. மாணவர் முழுப் பாடச்சுமையோடு படிக்கிறாரா என்று ஒவ்வொரு செமஸ்டரும் கல்லூரி அதில் பதியவேண்டும். இளநிலைக்கு 12 கிரெடிட். முதுநிலைக்கு அளவைக் கல்லூரியே வைக்கும், பல இடங்களில் 9. இதைக் கவனிப்பவரை டிஎஸ்ஓ என்பார்கள். அவர் ஒப்புதல் இல்லாமல் பாடத்தைக் கைவிட்டு இந்த அளவுக்குக் கீழே போனால் பதிவு முடித்துவைக்கப்படும். ஊருக்குக் கிளம்ப அவகாசம்கூடக் கிடையாது. சொல்லாமல் படிப்பை விட்டாலோ வகுப்புக்குப் போகாவிட்டாலோ விசா ரத்தாகலாம், இனிமேல் விசா பெறும் தகுதியும் போகலாம் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகமே 2025 மே மாதம் எச்சரித்தது.

முறையாகக் கேட்டால் வழி உண்டு. உடல்நலமோ மனநலமோ காரணம் என்றால், உரிமம் பெற்ற மருத்துவரின் கடிதத்தோடு டிஎஸ்ஓவிடம் போகலாம். பாடத்தைக் குறைக்கலாம், ஒரு பாடமும் எடுக்காமல் அங்கேயே தங்கிச் சிகிச்சையும் பெறலாம். ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம்வரை இந்தச் சலுகை. ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக ஒப்புதல் வாங்கவேண்டும். மனச்சோர்வை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வகுப்புக்கும் போகாமல் அறைக்குள் முடங்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்காகவே வைத்த வழி இது.

ஊருக்கே திரும்புவது வேறு கணக்கு. டிஎஸ்ஓ ஒப்புதலோடு விலகினால் கிளம்ப 15 நாள். ஐந்து மாதத்துக்குள் திரும்பினால் பழைய பதிவையே உயிர்ப்பிக்கக் கேட்கலாம். ஐந்து மாதம் தாண்டினால் கல்லூரி தரும் ஐ-20 படிவம் புதிதாக, மறுபடியும் 350 டாலர் செவிஸ் கட்டணம், பெரும்பாலும் சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கமுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மறுபடியும் விசா நேர்காணல். படிப்பு முடித்து வேலை பார்க்கும் ஓபிடி அனுமதிக்கும் ஒரு முழுக் கல்வியாண்டை முதலிலிருந்து சேர்க்கவேண்டும். ஆகஸ்டில் கிளம்பி ஜனவரியில் திரும்புவதே ஏறத்தாழ ஐந்து மாதம் என்பதைப் பாருங்கள். அதனால் எந்தத் தேதியில் விலகல் பதிவாகிறது, எந்தத் தேதியில் திரும்பலாம் என்ற இரண்டையும் டிக்கெட் எடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

பணக்கஷ்டம் பாடச்சுமையைக் குறைக்க ஏற்கப்படும் காரணம் அல்ல. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோது சம்பளம் நிற்பது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பார்த்தன. அப்படி எதிர்பாராத நெருக்கடி வந்தால், ஒரு கல்வியாண்டு முடித்த மாணவர் கல்லூரிக்கு வெளியே வேலை பார்க்க அனுமதி கேட்கலாம். டிஎஸ்ஓ பரிந்துரையோடு விண்ணப்பம் குடியேற்றத் துறைக்குப் போகும். அனுமதி அட்டை வரும்வரை ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக்கூடாது. வந்தபிறகும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான்.

இதுவரை சொன்னது அமெரிக்காவுக்கு, மற்ற நாடுகளில் விதி வேறு. கனடாவில் கல்லூரி ஒப்புக்கொண்ட விடுப்பு 150 நாள் வரை. அந்த நாட்களில் வேலைக்குப் போகக்கூடாது. ஜெர்மனியில் பல்கலைக்கழகம் விடுப்பு செமஸ்டர் தந்தாலும், தங்கும் அனுமதி படிப்புக்காகவே தரப்பட்டது என்பதால் வெளிநாட்டவர் அலுவலகத்திடமும் பேசியாகவேண்டும்.

வங்கியை மறக்கவேண்டாம். கல்விக்கடன் தவணை பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் கழிந்து தொடங்கும். படிப்பு நீண்டது வங்கிக்குத் தெரியாவிட்டால் பழைய தேதியிலேயே தவணை கேட்பார்கள். கல்லூரி தரும் விடுப்புக் கடிதத்தின் நகலோடு கிளை மேலாளரைப் பார்த்து, தவணைத் தொடக்கத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி மனு கொடுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சியும் வாங்கிக்கொள்ளுங்கள்.